ஆய்வு நூல்கள் யாருக்காக? – அசுவகோசரை முன்வைத்து

(ஞாயிறு மாலை வாசகர் வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மாடிக்கு வருவதற்கு முன்னால் கீழே டீக்கடையில் ஒரு தம்பி என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணா, போன மாசம்தான் ஆணவக்கொலையைக் கண்டிச்சு ரோட்டுல நின்னோம். இப்ப நீங்க சமஸ்கிருத நாடகம், தத்துவம்னு பேச வர்றீங்க. இதெல்லாம் படிச்சு என்ன ஆகப்போகுது?" என்று கேட்டார். நான் டீயைக் குடித்துவிட்டு, "மேல வாங்க, சொல்றேன்" என்றேன். அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இன்று பேசப்போவது முழுக்க அவருக்குத்தான், மற்றவர்கள் கூடவே கேளுங்கள்.

நான் முதுகலையில் தத்துவம் படித்தவன். இந்தியத் தத்துவம் என்று ஒரு தாள். ஆறு தரிசனங்கள், அப்புறம் பௌத்தம், சமணம், சார்வாகம். பிரமாணம் பற்றி ஒரு அலகு, மோட்சம் பற்றி ஒரு அலகு. ஒரு நாள் வகுப்பில் எழுந்து, "ஐயா, பௌத்தர்கள் சாதியை எதிர்த்து வாதம் செய்திருக்கிறார்களே, அது எந்த அலகில் வருகிறது?" என்று கேட்டேன். பேராசிரியர் கோபப்படவெல்லாம் இல்லை. "அது தத்துவம் இல்லப்பா, சமூகவியல்" என்றார். சமூகவியல் துறையில் இருந்த இன்னொருவர், "அதெல்லாம் பழைய நூல், சமஸ்கிருதத் துறையில கேளு" என்றார். சமஸ்கிருதத் துறைக்கு நான் போகவில்லை. போகும் தைரியம் அன்றைக்கு இல்லை, அதை மறைக்க விரும்பவில்லை.

அந்தக் கேள்வி பல வருடம் என்னோடு இருந்தது. மெல்ல மெல்ல, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் ஆய்வு நூல்களை வாசிக்க ஆரம்பித்த பிறகுதான் ஒன்று புரிந்தது. பிரிக்கப்பட்டிருந்தது அலமாரிதான். தத்துவம் ஒரு தட்டில், கவிதை ஒரு தட்டில், நாடகம் ஒரு தட்டில், சிந்தனை வரலாறு வேறு கட்டடத்தில். ஒரே ஆளின் பெயர் நான்கு தட்டிலும் இருந்தால் அவரை யாரும் முழுசாகப் பார்க்க முடியாது. அப்படி ஒரு பெயர்தான் அசுவகோசர்.

அவர் பொ.ஆ. முதலாம், இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பௌத்த பிக்கு. 'சௌந்தரநந்தம்' என்ற அவருடைய காவியத்தின் முடிவுக்குறிப்பில் சாகேதத்துக்காரர், சுவர்ணாட்சியின் மகன், பிக்கு, ஆசாரியர், மகாகவி, மகாவாதி என்று இருக்கிறது. சாகேதம் என்பது அயோத்தி. இன்றைக்கு அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் நம் நினைவுக்கு வருவது வேறு. அங்கிருந்து வந்த ஒரு மகாகவி தன்னைத் தகப்பன் பெயரால், கோத்திரத்தால் சொல்லிக்கொள்ளாமல் தாய் பெயரால் சொல்லிக்கொண்டிருக்கிறார். மகாவாதி என்ற பட்டத்தையும் கவனியுங்கள். பெரிய வாதக்காரர். கவிஞரும் வாதக்காரரும் அங்கே ஒரே ஆள்.

அவருடைய 'புத்தசரிதம்' 28 சருக்கங்கள் கொண்டது. சமஸ்கிருதத்தில் ஏறக்குறைய முற்பாதிதான் மிஞ்சியிருக்கிறது, முழு நூல் சீனத்திலும் திபெத்தியத்திலும் மொழிபெயர்ப்பாகத்தான் பிழைத்தது. நேபாளத்தில் அமிர்தானந்தர் என்ற பண்டிதர் 1830இல் பிரதி எடுக்கும்போது பிற்பகுதி கிடைக்காமல், தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை என்று எழுதி வைத்துவிட்டு, சில சருக்கங்களைத் தானே பாடிச் சேர்த்தார். நேர்மையான மனிதர். நம் ஊரில் இடைச்செருகல் செய்தவர்கள் இப்படிக் குறிப்பு எழுதி வைத்திருந்தால் எவ்வளவு வேலை மிச்சம்! பிறகு ஜான்ஸ்டன் என்ற அறிஞர் 1930களில் கிடைத்த பிரதியையும் திபெத்திய, சீன மொழிபெயர்ப்புகளையும் ஒப்பிட்டுப் பதிப்பித்தார். அண்ணல் அம்பேத்கர் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்கு எழுதிய முன்னுரையில், தான் பல நூல்களிலிருந்து திரட்டியதைச் சொல்லும்போது அசுவகோசரைத் தனியாகக் குறிப்பிடுகிறார். சில நிகழ்ச்சிகளைச் சொல்லும் இடத்தில் அவருடைய மொழியையே கடன் வாங்கியதாகவும் ஒப்புக்கொள்கிறார். ஆக, அம்பேத்கரை வாசித்த நீங்கள் எல்லாரும் உங்களுக்குத் தெரியாமலேயே அசுவகோசரைக் கொஞ்சம் வாசித்துவிட்டீர்கள்.

இப்போது நாடகத்துக்கு வருகிறேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்று சீனாவின் சின்ஜியாங் தன்னாட்சிப் பிரதேசமாக இருக்கும் பகுதியில், ஜெர்மானிய ஆய்வுக்குழு ஒன்று பழைய பௌத்த மடங்களைத் தோண்டியது. கிடைத்தவற்றில் நொறுங்கிய ஓலைத்துண்டுகளும் இருந்தன. ஹைன்ரிக் லூடர்ஸ் என்ற அறிஞர் அவற்றை ஒட்டிப் பார்த்து 1911இல் வெளியிட்டார். அவை சமஸ்கிருத நாடகங்கள். நமக்குக் கிடைத்திருக்கும் நாடக ஓலைகளிலேயே மிகப் பழையவை. ஒன்றின் முடிவில் பெயர் இருந்தது: 'சாரிபுத்திரப் பிரகரணம்', ஒன்பது அங்கம், இயற்றியவர் சுவர்ணாட்சியின் மகன் அசுவகோசர். இன்னொரு துண்டில் புத்தி, புகழ், உறுதி என்ற மூன்றும் பாத்திரங்களாக மேடைக்கு வந்து பேசிக்கொள்கின்றன. தத்துவத்துக்கு வேடம் கட்டி ஆடவிட்டிருக்கிறார்கள்.

சாரிபுத்திரர் பார்ப்பனராகப் பிறந்தவர். புத்தரிடம் சேர நினைக்கிறார். கூட இருக்கும் விதூஷகன் தடுக்கிறான். நீ பார்ப்பனன், அவரோ சத்திரியர், அவரிடம் போய் நீ உபதேசம் கேட்பதா என்கிறான். அதற்கு சாரிபுத்திரர், கீழான சாதிக்காரன் கொடுத்தாலும் மருந்து நோயைத் தீர்க்காதா, வெயிலில் தவிப்பவனைத் தண்ணீர் குளிர்விக்காதா என்று திருப்பிக் கேட்கிறார்.

இதை முதன்முதலில் வாசித்தபோது எனக்குப் புல்லரித்தது. கிட்டத்தட்ட 1900 வருடத்துக்கு முன்பு, மேடையில், ஆட்களுக்கு முன்னால், சாதி ஒரு விவாதப்பொருள்! அடுத்த முறை ஊருக்குப் போனபோது பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். பெரியப்பா தெருக்கூத்தில் கட்டியங்காரன் வேடம் கட்டுபவர். விதூஷகன் என்றால் யார் என்று அவருக்கு நான் விளக்கவே தேவைப்படவில்லை, "நம்ம ஆளுதான்" என்றார். கதையை முழுக்கக் கேட்டார். மூக்குப்பொடி போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"நல்லாத்தான் சொல்லியிருக்கான். ஆனா தம்பி, உங்க ஆயா எத்தனை வீட்ல பிரசவம் பாத்தா தெரியுமா? மேலத்தெருவுல பாதிப்பேரு அவ கையிலதான் விழுந்தானுங்க. மருந்து உள்ள போச்சு, கை உள்ள போச்சு. ஆளு மட்டும் கொல்லைப்பக்கமே நின்னா. மருந்தை வாங்கிக்க அவனுங்க என்னைக்கு மாட்டேன்னானுங்க?"

நான் என்ன பதில் சொல்வது? லூடர்ஸ் ஓலையை ஒட்டினார், கீத் 1924இல் சமஸ்கிருத நாடக வரலாற்றில் அந்தக் காட்சியைச் சுருக்கி எழுதினார். அந்த வாதத்தில் இருக்கும் ஓட்டையைக் கட்டியங்காரன்தான் எனக்குக் காட்டினார். சாரிபுத்திரரின் பதில் மருந்தை ஏற்கச் சொல்கிறது. கொடுத்தவனைக் கீழானவன் என்று சொல்வதை அப்படியே விட்டுவிடுகிறது.

அந்த ஓட்டையை அடைக்கும் நூல் ஒன்று உண்டு. 'வஜ்ரசூசி', அதாவது வைர ஊசி. சின்ன நூல்தான். கேள்வி ஒன்றே ஒன்று: பார்ப்பனன் என்கிறீர்களே, அது எது? உயிரா? பிறப்பா? உடலா? அறிவா? ஆசாரமா? தொழிலா? வேதமா? ஒவ்வொன்றாக எடுத்து, எதிராளியின் நூல்களையே சான்றுக்கு இழுத்து உடைக்கிறது. உடல்தான் பார்ப்பனன் என்றால், செத்த தகப்பனுக்குக் கொள்ளி வைக்கிற மகனுக்குப் பிரம்மஹத்தி அல்லவா வரும்? பிறப்புதான் என்றால், மான் வயிற்றில் பிறந்த முனிவரையும் மீனவப் பெண் பெற்ற வியாசரையும் என்ன செய்வது? யானை, குதிரை, மாடு, சிங்கம் எல்லாவற்றுக்கும் கால்தடம் வேறு வேறு, பார்ப்பனன் கால்தடமும் சூத்திரன் கால்தடமும் எங்கே வேறாக இருக்கிறது?

எனக்குப் பிடித்தது பலா மரம். முகத்தில் பிறந்தவன் ஒருவன், காலில் பிறந்தவன் ஒருவன் என்ற புருஷசூக்தக் கதைக்குப் பதிலாக இது வருகிறது. அத்தியும் பலாவும் கிளையிலும் காய்க்கும், அடிமரத்திலும் காய்க்கும், வேரிலும் காய்க்கும், அதற்காக ஒரு பழம் வேறு சாதி, இன்னொரு பழம் வேறு சாதியா என்று கேட்கிறது. பண்ருட்டிப் பக்கத்துத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேர்ப்பலாவைத்தானே தேடி வாங்குகிறோம்! அடுத்த கேள்வி இன்னும் குத்தலானது. பார்ப்பனன் முகத்தில் பிறந்தான் சரி, பார்ப்பனத்தி எங்கே பிறந்தாள்? அவளும் அதே முகத்தில் என்றால் இருவரும் அண்ணன் தங்கை ஆகிவிடுகிறார்களே?

இங்கே ஒரு எச்சரிக்கை. வஜ்ரசூசியை எழுதியது அசுவகோசர்தான் என்று பிரதியில் இருக்கிறது. ஆனால் பத்தாம் நூற்றாண்டில் சீனத்தில் மொழிபெயர்த்தபோது அதை தர்மகீர்த்தியின் பெயரில் மொழிபெயர்த்திருக்கிறார்கள். நடையும் காவியங்களின் நடை இல்லை. ஆய்வாளர்கள் பலர் இது பிற்காலத்து நூல் என்றே நினைக்கிறார்கள். நம் தோழர்கள் சிலர் இதை எடுத்து "2000 ஆண்டுகளுக்கு முன்பே அசுவகோசர் முழங்கினார்" என்று படம் போட்டுப் பகிர்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எதிர்த்தரப்பில் ஒருவன் அடிக்குறிப்பை வாசித்தவனாக இருந்தால், உங்கள் சரியான வாதமும் சேர்த்துக் கவிழும். ஆசிரியர் யாராக இருந்தாலும் பலா வேரில் காய்ப்பது உண்மைதான்.

நவீன காலத்தில் அந்த நூல் வெளியே வந்த கதையும் சுவையானது. நேபாளத்தில் பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்த ஹாட்ஜ்சன் பிரதியைப் பெற்று மொழிபெயர்த்தார். 1839இல் வில்கின்சன் என்ற அதிகாரி மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் அச்சிட்டார். அதே புத்தகத்தில், சுபாஜி பாபு என்ற பண்டிதர் எழுதிய மறுப்பும் சேர்த்துக் கட்டப்பட்டது. நூலை விடக்கூடாது, பதிலோடுதான் விட வேண்டும்! வெள்ளைக்கார அதிகாரிகளுக்கும் மிஷனரிகளுக்கும் இதில் அவரவர் கணக்கு இருந்தது, அதை நாம் மறக்க வேண்டியதில்லை. ஆனால் சாதி எதிர்ப்பு என்பதே வெள்ளைக்காரன் சொல்லிக்கொடுத்தது என்று இன்று வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்களே, அவர்கள் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே அந்த வாதம் இங்கே சமஸ்கிருதத்தில் கிடந்தது எப்படி?

தமிழிலும் கிடந்தது. மணிமேகலையில் ஆபுத்திரன் கதையைப் படியுங்கள். வேள்விக்குக் கட்டிவைத்த பசுவை அவன் அவிழ்த்துக்கொண்டு போகிறான். பார்ப்பனர் பிடித்து அடிக்கிறார்கள், மாட்டின் மகன் என்று இகழ்கிறார்கள். அவன் மாட்டுக்குப் பிறந்த முனிவன், மானுக்குப் பிறந்தவன், புலிக்கும் நரிக்கும் பிறந்தவர்கள் என்று பட்டியல் போடுகிறான். உன் தாய் சாலி நெறி தவறியவள் என்று ஒருவன் சொல்லும்போது அவன் சிரிக்கிறான். வசிட்டரும் அகத்தியரும் தெய்வக் கணிகையின் பிள்ளைகள்தானே, என் தாய் செய்த தவறு என்ன என்கிறான். வஜ்ரசூசியில் இருக்கும் அதே வாதப் பழக்கம். எது எதிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை, ஆனால் ஒரே பட்டறையின் ஆயுதங்கள். வாதத்தில் வென்ற ஆபுத்திரனுக்குக் கிடைத்தது என்ன? வளர்த்த தகப்பனே துரத்திவிட்டான். பிச்சைப் பாத்திரத்தில் சோற்றுக்குப் பதில் கல்லைப் போட்டார்கள், பசுத்திருடன் என்று சொல்லி. வட இந்தியாவில் மாட்டின் பெயரால் நடக்கும் கொலைகளை நினைத்துக்கொண்டு அந்தக் காதையை வாசித்துப் பாருங்கள்.

சரி, தம்பி கேட்ட ஆணவக்கொலைக்கு வருகிறேன். மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள்.

சமஸ்கிருதத்தில் 'ஜாதி' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. தர்க்கத்தில் அது பொதுத்தன்மை: எல்லாப் பசுக்களிலும் இருக்கிற பசுத்தன்மை. சமூகத்தில் அது நாம் அறிந்த சாதி. ஏழாம் நூற்றாண்டின் மீமாம்சகர் குமாரிலபட்டர் இரண்டையும் முடிச்சுப்போட்டார். பசுத்தன்மை போலவே பிராமணத்தன்மையும் உண்மையில் இருக்கும் ஒன்று, கண்ணாலேயே பார்க்கலாம் என்றார். எப்படிப் பார்ப்பது? பெற்றோர் யார் என்ற அறிவு துணையிருந்தால் போதும். பெற்றோரை எப்படி நிச்சயமாக அறிவது? நற்குடிப் பிறந்தோர் மிகுந்த முயற்சியோடு தம்மைக் காத்துக்கொள்கிறார்கள், அதற்காகத்தான் அரசரும் பார்ப்பனரும் வம்ச வரலாறு எழுதிவைத்திருக்கிறார்கள் என்றார். இந்த விவாதத்தையும் பௌத்தத் தர்க்கவாதிகளின் மறுப்பையும் வின்சென்ட் எல்ட்சிங்கர் என்ற ஆய்வாளர் ஒரு நூலாக எழுதியிருக்கிறார். பிரெஞ்சில் 2000இல் வந்தது, ஆங்கிலத்தில் 2012இல். என் பேராசிரியர் தத்துவமே இல்லை என்று சொன்ன அந்த விஷயத்துக்கு ஒரு முழுப் புத்தகம்.

குமாரிலரின் வாதத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். சாதி என்ற ஒன்று உண்மையில் இருக்க வேண்டுமானால் வம்சம் உறுதியாக இருக்க வேண்டும். வம்சம் உறுதியாக இருக்கப் பெண் காவலில் இருக்க வேண்டும். காவலை மீறிய பெண், அந்தக் குடும்பத்துக்கு மட்டுமில்லை, அந்தத் தத்துவத்துக்கே ஆபத்து. அரிவாளை எடுத்துக்கொண்டு போகிறவன் குமாரிலரைப் படித்திருக்க மாட்டான். ஆனால் அவன் எதைக் காப்பாற்றப் போகிறானோ அதை இவ்வளவு தெளிவாக எழுதிவைத்தவர் வேறு யாரும் எனக்குத் தெரியவில்லை. அம்பேத்கர் 1916இல் கொலம்பியாவில், 25 வயசுக்காரராக, சாதியின் சாரம் அகமணம் என்று கட்டுரை வாசித்தார். விதவையை எரிப்பதும் முடக்குவதும் சிறுமிக்கு மணம் முடிப்பதும் அந்த அகமணத்தைக் காக்கத்தான் என்று காட்டினார். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பௌத்தர்கள் என்ன பதில் சொன்னார்கள்? இங்கே எனக்கு வருத்தம் உண்டு. வஜ்ரசூசியும் பின்வந்த தர்க்கவாதிகளும் பெண்களின் கற்பை நம்பமுடியாது, ஆகவே வம்சமும் நிச்சயமில்லை என்று வாதிட்டார்கள். எதிராளியை மடக்குகிற வாதம்தான். ஆனால் அடி விழுவது பெண்மேல். சௌந்தரநந்தத்தில் ஒரு சருக்கம் முழுக்கப் பெண்களைப் பழிப்பதற்கே போகிறது. நந்தன் துறவுக்குப் போய்விடுகிறான், மாடியில் காத்துக் காத்து அழுத சுந்தரியைக் காவியம் அதோடு விட்டுவிடுகிறது. புத்தசரிதத்திலும் வேதத்து முனிவர்களுக்கு மரியாதை குறையவே இல்லை. அசுவகோசரை நம் இயக்கத்துத் தோழராக ஆக்கி மாலை போட முடியாது. காவல் தேவையா, பெண் யாருடைய சொத்து என்ற கேள்வியைப் பெரியார் 'பெண் ஏன் அடிமையானாள்?' என்று கேட்கும் வரை ஆபுத்திரனின் அந்தச் சிரிப்பைத் தவிர எனக்கு அதிகம் தட்டுப்படவில்லை.

தம்பி, புத்தகம் வாசித்தால் கொலை நின்றுவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ரோட்டில் நிற்கும்போது நான் உங்களோடு நிற்பேன். ஆனால் எதை எதிர்த்து நிற்கிறோம் என்பது, எதிராளி தன் மிகச் சிறந்த மூளையைக் கொண்டு எழுதிவைத்த இடத்தில் பார்த்தால்தான் முழுசாகத் தெரிகிறது. அந்த இடம் தடிமனான, விலை கூடிய, அடிக்குறிப்பு நிறைந்த புத்தகங்களுக்குள் இருக்கிறது. விலையைப் பற்றிப் புலம்பவேண்டாம், பழைய பதிப்புகள் பலவும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலம் தடுக்கிறது என்பவர்கள் நான்கு பேராகச் சேர்ந்து ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் வாசியுங்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன், இன்னும் அகராதியை மூடவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு மணிமேகலையின் ஆபுத்திரன் காதையை எல்லாரும் படித்துவிட்டு வாருங்கள், வஜ்ரசூசியின் முக்கிய வாதங்களை நான் தமிழில் சுருக்கி எழுதிக்கொண்டு வருகிறேன். பெரியப்பாவையும் அழைத்திருக்கிறேன். சாரிபுத்திரர் காட்சியை ஆடிக் காட்டச் சொன்னேன். "விதூஷகனுக்கு இன்னும் ரெண்டு கேள்வி சேத்துக்கலாமா?" என்று கேட்டார். அமிர்தானந்தர் மாதிரி, சேர்த்ததைச் சேர்த்தேன் என்று சொல்லிவிட்டால் தாராளமாகச் சேர்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.